‘அருமை’க்கு அடுத்த வாக்கியம்: ஓவியம் பார்க்கப் பழக ஒரு வழி

ஒரு ஓவியம் கண்ணில் பட்டதும் பிடித்துப்போகிறது. ‘அருமை’ என்கிறோம், ஒரு இதயத்தைத் தட்டிவிடுகிறோம், விரல் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. பிடித்தது பொய்யில்லை. ஆனால் ‘அதில் எது பிடித்தது?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கேள்விக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லத் தெரிந்துவிட்டால் போதும், பிறகு ஓவியம் பார்ப்பதே வேறு அனுபவமாகிவிடும்.

அந்த வாக்கியத்துக்குப் போகிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டாம், வரையத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு மை பேனா, கொஞ்சம் பொறுமை இருந்தால் சரி. உதாரணங்களைப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். இந்த ஓவியர்களில் பலருடைய அசல் ஓவியங்களை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்பதுதான் காரணம்.

1. முதலில் ஒரே ஒருவர்

ஆர்வம் வந்த புதிதில் உலக ஓவியர்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் தெரிந்துகொள்ளத் தோன்றும். ஒரு வாரத்தில் நூறு பேரைப் புரட்டினால் நூறு பெயர்கள்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக ஒரே ஓவியரோடு சில மாதங்கள் இருந்து பாருங்கள். அவர் நம் காலத்தவராகவோ நமக்குச் சற்று முந்தியவராகவோ இருந்தால் நல்லது. அவர் வரைந்த தெருவும் முகமும் நமக்குப் பழக்கமானதாக இருக்கும். அவருடைய அசல் வேலையை எங்காவது நேரில் பார்க்க முடிய வேண்டும். இன்னொன்று, அவர் காலப்போக்கில் மாறியவராக இருக்க வேண்டும். ஒருவர் எங்கே தொடங்கி எங்கே போனார் என்று பின்தொடர்வதில் கிடைக்கும் பாடம் வேறு எதிலும் கிடைக்காது.

நான் சொல்லும் பெயர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சி பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னை வந்து அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் அந்தக் கல்லூரி ஆனது. டி.பி. ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் என்று பெரிய ஆளுமைகள் அதன் முதல்வர்களாக இருந்திருக்கிறார்கள். ஆதிமூலத்தைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கறுப்பு மையில் கோட்டோவியம், பத்திரிகைக்கு வரைந்த படம், பெரிய கேன்வாஸில் உருவமே இல்லாத வண்ண ஓவியம் என்று மூன்றிலும் முழு மனதோடு உழைத்தவர். ஒருவரைப் பின்தொடர்ந்தால் மூன்றையும் பார்க்கப் பழகிவிடலாம்.

இலங்கை வாசகர்கள் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனிடமிருந்து தொடங்கலாம். போரில் இடம்பெயர்ந்தவர்கள், தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்தே தரைப்படமாக வரைந்து கொடுத்தார்கள். அவற்றின் பக்கத்தில் தன் ஓவியங்களை வைத்து அவர் செய்த படைப்பு 2011-இல் நூலாக வந்தது. ஒரு வீட்டின் தரைப்படம் இவ்வளவு துக்கத்தைச் சுமக்குமா என்று அதைப் பார்க்கும்போது தோன்றும்.

2. பெயர்ப்பலகையைப் படிக்காமல் பத்து நிமிடம்

ஆளைத் தேர்ந்தாயிற்று. இப்போது அவருடைய ஒரே ஒரு ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, ஆண்டு, விமர்சகர் சொன்னது எதையும் படிக்காதீர்கள். கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாம் பார்த்துவிட்டது போல இருக்கும், சலிப்பு வரும். அந்தச் சலிப்பைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கண் தானாக வேலை செய்யத் தொடங்கும்.

எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் இப்படிப் போகலாம். கண் முதலில் எங்கே விழுந்தது? அங்கிருந்து எங்கே நகர்ந்தது? ஓவியர் எந்த இடத்தை ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறார்? மிகக் கறுப்பான இடம் எது, மிக வெளிச்சமான இடம் எது? உருவம் தாளின் விளிம்பில் வெட்டுப்படுகிறதா, நடுவில் நிற்கிறதா? பதில்களை நோட்டில் எழுதுங்கள். ‘அழகாக இருக்கிறது’, ‘சோகமாக இருக்கிறது’ என்பதை இப்போதைக்கு எழுத வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘இடது தோளில் கோடு இல்லை, தாள் அப்படியே விடப்பட்டிருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டீர்களானால் ‘அருமை’க்கு அடுத்த வாக்கியம் கிடைத்துவிட்டது.

தலைப்பையும் ஆண்டையும் பிறகு படியுங்கள். படித்தபின் மறுபடி இரண்டு நிமிடம் பாருங்கள். படிப்பதற்கு முன் பார்த்ததும் படித்தபின் பார்ப்பதும் வேறாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கையால் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பேன். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

1969-இல் காந்தி நூற்றாண்டு வந்தது. அதையொட்டி ஆதிமூலம் காந்தியைத் தொடர்ச்சியாகக் கறுப்பு மைக் கோடுகளில் வரைந்தார். அந்தப் படங்களில் ஒன்றை நல்ல அச்சில் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தாள் வைத்துப் பிரதி எடுக்கக் கூடாது. பார்த்துப் பார்த்து உங்கள் நோட்டில் வரையுங்கள். பென்சிலும் ரப்பரும் வேண்டாம், பேனாவால்தான். தப்பாக வரும், வரட்டும். காந்தியைப் போல வர வேண்டும் என்பது நோக்கமே இல்லை.

கோலம் போட்டுப் பழகியவர் அடுத்த வீட்டு வாசலைப் பார்த்ததுமே எந்தக் கை எங்கே தயங்கியது என்று சொல்லிவிடுவார். ஓவியத்திலும் அந்தக் கண் கைவழியாகத்தான் வரும். வரையத் தொடங்கியதும் நீங்கள் இதுவரை கேட்காத கேள்விகள் வரிசையாக வரும். இந்தக் கோட்டை மேலிருந்து கீழே இழுத்தாரா, கீழிருந்து மேலேயா? இங்கே ஏன் கோடு முறிந்து மறுபடி தொடங்குகிறது? இந்த நிழலை ஒரே பூச்சாகப் பூசாமல் ஏன் இத்தனை கோடுகளை நெருக்கியிருக்கிறார்? எங்கே கை வேகமாகப் போயிருக்கிறது, எங்கே நிதானித்திருக்கிறது? வெறும் கண்ணால் அரை மணி நேரம் பார்த்தாலும் இந்தக் கேள்விகள் வராது.

சென்னை ஓவியர்களின் அந்தத் தலைமுறைக்கு கோடுதான் பெரிய பலம் என்று கலை வரலாற்றில் சொல்வார்கள். அதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. உங்கள் கை ஒரு கோட்டிடம் தோற்று அதைத் தெரிந்துகொள்வது இன்னொன்று. இரண்டாவதுதான் மறக்காது.

ஒரு மாதத்தில் நான்கைந்து படங்களை இப்படி வரைந்து பாருங்கள். அப்புறம் டிராட்ஸ்கி மருதுவின் படம் ஒன்றை எடுங்கள். மதுரைக்காரர், அதே சென்னைக் கல்லூரியில் படித்தவர். சிறுபத்திரிகை, வார இதழ், சினிமா, அனிமேஷன் என்று எல்லா இடத்திலும் கை வைத்தவர். அவருடைய குதிரையையோ வீரனையோ வரைய முயலுங்கள். ஆதிமூலத்தின் கோட்டுக்கும் மருதுவின் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மணிக்கட்டே சொல்லும். உடல் அசையத் தொடங்குகிற கணத்தைப் பிடிக்க வேண்டுமானால் கோடும் ஓட வேண்டியிருக்கிறது.

4. கதைக்கு வரைந்த படத்தைக் கதையோடு பாருங்கள்

பத்திரிகை ஓவியத்தை ஓர் அங்குலம் தாழ்த்திப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் வீடுகளில் பெரும்பாலானோர் முதன்முதலில் பார்த்த நல்ல ஓவியம் வாரப் பத்திரிகையில் வந்ததுதான். கோபுலு, சில்பி, மணியம், மாருதி, மணியம் செல்வன் ஆகியோரின் படங்களை வெட்டி, பைண்டு செய்து, பரணில் பத்திரப்படுத்திய குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பரணில் ஏறிப் பாருங்கள். இந்தப் படிக்கு வேண்டிய பொருள் அங்கேயே இருக்கலாம்.

கதைப் படத்தைப் பார்க்கும்போது முதல் கேள்வி, ஓவியர் எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது. ஒரு அத்தியாயத்தில் எத்தனையோ நிகழ்ச்சிகள் இருக்கும், படமோ ஒன்றோ இரண்டோதான். எதை வரைவது, எதை வாசகரின் கற்பனைக்கு விடுவது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். பின்னாட்களில் அதே இதழ் அந்தத் தொடரை மறுபடி வெளியிட்டபோது வினு, பத்மவாசன், வேதா என்று வெவ்வேறு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகும் தொடக்க அத்தியாயத்தை முதலில் படியுங்கள். படித்ததும் உங்கள் மனதில் வந்த காட்சியை நான்கு கோட்டில் கிறுக்கிவையுங்கள். பிறகு இவர்களுடைய படங்களில் கிடைப்பதை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏரி பெரிதா, குதிரை பெரிதா? நாம் அவன் முகத்தைப் பார்க்கிறோமா, அவன் பார்ப்பதை அவனோடு சேர்ந்து பார்க்கிறோமா? நகையும் உடையும் எவ்வளவு விரிவாக இருக்கின்றன? சொற்கள் ஒன்றே, ஓவியர்தான் வேறு. ஒரு ஓவியரின் ‘பாணி’ என்று பேசுகிறார்களே, அது என்ன என்று விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். மணியத்தின் மகன்தான் மணியம் செல்வன். அப்பாவையும் மகனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தனி இன்பம்: பெண்களின் நிற்கும் பாங்கில் எது அப்பாவிடமிருந்து வந்தது, வண்ணத்தில் எது மகனுடையது என்று தேடலாம்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். படத்தை உலோகத் தகட்டில் பதித்து, அதாவது பிளாக் எடுத்து, அச்சிட்ட காலத்தில் சாதாரணக் கோட்டு பிளாக்கில் சாம்பல் நிறம் வராது. கறுப்பு, வெள்ளை இரண்டுதான். நடுவில் ஒரு நிழல் வேண்டுமென்றால் கோடுகளாலோ புள்ளிகளாலோ அதைக் கட்டியாக வேண்டும். மலிவான தாளில் மை கசியும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். பழைய இதழ்ப் படங்களில் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அழகுணர்ச்சியோடு இந்தக் கட்டாயமும் காரணம்.

ஆதிமூலம் இங்கேயும் வருகிறார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது படம் வரைந்தவர் அவர். அதுவரை கண்காட்சிக் கூடத்துக்கும் சிறுபத்திரிகைக்கும் உரியதாக இருந்த கோடு, டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது. ‘இது என்ன கிறுக்கல்’ என்று முதலில் புருவம் தூக்கியிருக்கக்கூடிய வாசகருக்கு அந்தக் கரிசல் மனிதர்களின் வழியாக நவீன ஓவியம் பழகிப்போனது. பொது ரசனையை உயர்த்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொடர்தான் நினைவுக்கு வரும்.

5. ‘அப்படியே போட்டோ மாதிரி’ என்பதோடு நிற்காதீர்கள்

எஸ். இளையராஜாவின் ஓவியங்கள் தெரியாத தமிழர் குறைவு. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கிராமத்து வீடு, கதவோரம் நிற்கும் பெண், மாநிறமும் கறுப்புமான தோல், ஜன்னல் வழியே விழும் வெயில். 2021-இல் கொரோனா அவரை 42 வயதில் கொண்டுபோனது பெரிய இழப்பு.

அவர் படத்தைப் பார்த்ததும் ‘போட்டோவா, ஓவியமா?’ என்ற வியப்பு வருவது இயல்பு. அந்த வியப்பு வாசலில்தான் விடும், உள்ளே நாம்தான் போக வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தோலின் மேல் விழும்போது என்ன நிறமாகிறது, சுவரில் விழும்போது என்ன நிறமாகிறது என்று பாருங்கள். கறுத்த தோலை வரைய அவர் வெறும் பழுப்பையும் கறுப்பையும் நம்பவில்லை என்பது தெரியவரும். நிழலுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, எல்லா இடமும் ஒரே துல்லியத்தில் இருக்கிறதா, சில இடங்கள் மெல்லக் கரைய விடப்பட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். கேமரா தேர்ந்தெடுக்காததை ஓவியர் தேர்ந்தெடுத்திருப்பார். காலண்டர் அழகியின் நிறத்துக்குப் பழகிப்போன நம் கண்ணுக்கு நம் வீட்டுப் பெண்களின் நிறத்தை இவ்வளவு வெளிச்சத்தில் காட்டியதே அவருடைய பெரிய தேர்வு என்று நான் நினைக்கிறேன்.

6. உருவமே இல்லையென்றால்?

இங்கேதான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். ‘இது என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காததால் வரும் கோபம் அது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இரண்டாம் படியில் கேட்டதையே கேளுங்கள்: கண் எங்கே விழுகிறது, எங்கே நகர்கிறது?

அரூப ஓவியத்தின் முன்னால் மூன்று தூரத்தில் நில்லுங்கள். முதலில் கூடத்தின் மறுபக்கம். அங்கிருந்து பெரிய நிறப் பரப்புகள் மட்டும் தெரியும். எது முன்னால் வருகிறது, எது பின்னால் போகிறது என்று பாருங்கள். அடுத்து நான்கைந்து அடியில். இப்போது ஒரு நிறம் இன்னொன்றைச் சந்திக்கும் விளிம்பைக் கவனியுங்கள். கூர்மையாக வெட்டியதா, ஒன்றுக்குள் ஒன்று கலந்ததா? கடைசியாக ஒரு முழ தூரத்தில். பூச்சின் அடியில் வேறொரு பூச்சு எட்டிப் பார்க்கும். தூரிகை போன தடம், கத்தியால் வழித்த தடம் தெரியும்.

இதற்கு அச்சுதன் கூடல்லூரின் ஓவியங்கள் நல்ல ஆரம்பம். கேரளத்தில் பிறந்து, சிவில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஓவியத்துக்கு வந்தவர், 2022-இல் மறைந்தார். முதலில் உருவங்களை வரைந்தவர் பின்னால் நிறத்தை மட்டுமே நம்பி வரைந்தார். அவருடைய சிவப்பின் முன்னால் சற்று நேரம் நின்றால் போதும், ‘இது என்ன’ என்ற கேள்வி தானாக அடங்கிவிடும். ஆதிமூலமும் பிற்காலத்தில் இந்தப் பக்கம் வந்தார். கறுப்பு மையிலேயே வாழ்ந்த கை திடீரென்று பெரிய கேன்வாஸில் நிறத்தை அள்ளிப் பூசுகிறது. மூன்றாம் படியில் அவருடைய கோட்டை வரைந்து பார்த்தவர்களுக்கு, கோடு காணாமல் போனபின் எது அவரைத் தாங்குகிறது என்று தேடும் ஆவல் வரும்.

பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையையும் பாருங்கள். எழுத்து போலவே இருக்கும், கட்டங்கள் ஜாதகம் போல இருக்கும். ஆனால் படிக்க முடியாது. படிக்க முயன்று தோற்றுப்போகும்போதுதான் எழுத்தை உருவமாகப் பார்க்கத் தொடங்குகிறோம்.

7. நேரில் போங்கள்

போன் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவு. ஆறடி கேன்வாஸும் உள்ளங்கை அளவு நீர்வண்ணமும் அங்கே ஒன்றுதான். அதனால் மாதம் ஒரு முறையாவது அசலைப் பாருங்கள்.

சென்னையில் முதலில் போக வேண்டிய இடம் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சக கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கியது. மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவிய வாழ்க்கைக்குக் கால் ஊன்றினார்கள். சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தென்னிந்தியக் கலைகளுக்கும் வாழ்க்கைக்குமான அருங்காட்சியகம் தட்சிணசித்ரா, செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் நவீன ஓவியங்களுக்கும் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை, சில கூடங்கள் பராமரிப்பில் இருக்கலாம் என்பதால் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் இளம் ஓவியர்களின் கண்காட்சிகள் நடக்கும். ஜனவரியில் பெங்களூரு குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தையில் ஓவியர்களே தெருவில் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் பயணத்துக்கு முழுத் தகுதி உள்ளது. 2012-இல் தொடங்கிய பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி பினாலே நடக்கும் பருவத்தில் கேரளம் போகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

படத்தின் பக்கத்துச் சீட்டில் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு இருக்கும். அளவில் பெரும்பாலும் முதல் எண் உயரம், இரண்டாவது அகலம். ‘கலப்பு ஊடகம்’ என்றிருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். கிட்டே போய் எவை என்று தேடுங்கள். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், தொடவே வேண்டாம்.

ஓவியர் அங்கேயே இருந்தால் தயங்காமல் பேசுங்கள். ‘இதன் அர்த்தம் என்ன?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நோட்டில் எழுதிய ஒரு வரியைச் சொல்லுங்கள்: ‘சார், இந்த மூலையை மட்டும் பூசாமல் விட்டிருக்கீங்களே, முதலிலேயே முடிவு செய்ததா?’ தன் படத்தை ஒருவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அரை மணி நேரம் பேசுவார்.

8. பெயரோடு பகிருங்கள், முடிந்தால் வாங்குங்கள்

வாட்ஸாப்பில் சுற்றும் ஓவியங்களில் பலவற்றில் கையெழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. பகிரும்போது ஓவியர் பெயரைத் தேடிச் சேர்த்துப் போடுங்கள். வரைந்து வாழ்கிறவருக்கு அடுத்த வேலை அந்தப் பெயர் வழியாகத்தான் வருகிறது.

அசல் ஓவியம் வாங்க எல்லோராலும் முடியாது. சிறிய கோட்டோவியம், ஓவியரே வெளியிடும் அச்சுப்படி, காலண்டர், ஓவியத் தொகுப்பு நூல் என்று கைக்கு எட்டுவது நிறைய உண்டு. எண்ணிட்ட அச்சுப்படியில் பென்சிலில் 7/50 என்று எழுதியிருந்தால் மொத்தம் ஐம்பது படிகள், இது ஏழாம் எண் என்று பொருள். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் உள்ள படத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் விழும் சுவரில் நீர்வண்ணம் வெளுத்துவிடும். அதனால் உள்சுவராகப் பார்த்து, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டுங்கள்.